தை மாதத்தில் பனிக் கணவாய்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொங்கல் லீவில் இமயமலைக்குப் போய் பனியில் நடந்துவிட்டு வரலாமா என்று தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்திலிருந்து கேட்பவர்கள் வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். அதனால் உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் இருக்கும் குவாரி கணவாயை மனதில் வைத்துப் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். வேறு பனிக் கணவாய்க்குப் போகிறவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

பனியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எங்களால் முடியுமா?

முடியும். நமக்குத் தெரிந்த கணவாய் தொப்பூர்தான். குவாரி ஏறத்தாழ 3,700 மீட்டர், அதாவது 12,000 அடிக்கும் மேல். தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான் என்பதை வைத்து அந்த உயரத்தைப் புரிந்துகொள்ளுங்கள். ஆனால் கயிறு கட்டி ஏறும் வேலை எதுவும் இல்லை, முழுக்க நடைதான். மூட்டு வலி இல்லாமல், மூச்சு வாங்கினாலும் நிற்காமல் நடக்கப் பழகிய யாரும் போகலாம். அங்கே கஷ்டப்படுபவர்கள் பெரும்பாலும் உடல் வலு இல்லாதவர்கள் இல்லை. வேகமாக நடந்து முதல் ஆளாகப் போய்ச் சேர வேண்டும் என்று நினைப்பவர்கள்தான்.

ஏன் குவாரி? ரோதாங் போனால் என்ன?

மணாலிக்கு மேலே இருக்கும் ரோதாங் கணவாய் (3,978 மீட்டர்) குளிர்காலத்தில் மூடிவிடும். 2020 அக்டோபரில் திறந்த 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை வழியாகத்தான் அப்போது வண்டிகள் அந்தப் பக்கம் போகும். ரூபின் கணவாய் 4,650 மீட்டர். குளிர்காலத்தில் நம்மைப் போன்றவர்கள் போகிற இடம் இல்லை. குவாரியில் வசதி என்னவென்றால், பாதையின் பெரும்பகுதி ஓக், ரோடோடெண்ட்ரான் காட்டுக்குள் போகும். மரம் இருந்தால் காற்று அடங்கும், பனிச்சரிவு பயமும் குறையும். கணவாய்க்கு ஏறும் நாள் மட்டும்தான் திறந்த சரிவில் நடக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் அந்தக் காட்சி. மேலே போய் நின்றால் நந்தா தேவி (7,816 மீட்டர்) எதிரே நிற்கும். கஞ்சன்ஜங்காவுக்கு அடுத்து இந்தியாவில் உயரமான சிகரம் அதுதான். பக்கத்திலேயே துரோணகிரி, 7,066 மீட்டர். அனுமன் சஞ்சீவி மலையைப் பெயர்த்துக்கொண்டு போனது அங்கிருந்துதான் என்பது கதை. எங்கள் மலையை எடுத்துக்கொண்டு போனவர் என்ற கோபத்தில், துரோணகிரி கிராமத்தில் இன்றைக்கும் அனுமனைக் கும்பிடுவதில்லை. வைஸ்ராய் கர்சன் பெயரால் இந்த வழியைக் கர்சன் பாதை என்றும் சொல்வார்கள்.

எந்த மாதம் நல்லது?

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் பாதி வரை பனி எதிர்பார்க்கலாம். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மாதிரி, அவர்களுக்குக் குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரம் சுமந்து வரும் காற்றுச் சுழற்சி. வானிலைத் துறை இதை மேற்கத்திய இடையூறு என்கிறது. ஒன்று வந்தால் ஓரிரு நாள் பனி கொட்டும், அப்புறம் வானம் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். எத்தனை வரும், எப்போது வரும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. சில வருடம் புத்தாண்டுக்குப் போனவர்கள் காய்ந்த புல்லைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். பனிதான் முக்கியம் என்றால் ஜனவரி கடைசி, பிப்ரவரி. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் கூட்டம் தாங்காது. அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

இங்கிருந்தே எப்படித் தயாராவது?

நமக்கு மலைக்குப் பஞ்சமில்லை. கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் கோட்டை மலை இருக்கிறது, ராயக்கோட்டை இருக்கிறது. அரூர் பக்கம் தீர்த்தமலை. தருமபுரியில் இருப்பவர்கள் வத்தல்மலை ரோட்டில் விடியற்காலையில் ஏறலாம். காட்டுப் பாதையில் போவதானால் வனத்துறை அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்; ஒகேனக்கல், அஞ்செட்டி பக்கமெல்லாம் யானை நடமாட்டம் உண்டு.

இரண்டு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். வாரத்தில் நாலு நாள் ஐந்து கிலோமீட்டர் வேக நடை அல்லது மெதுவான ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு மலை, முதுகில் ஏழெட்டு கிலோ பையோடு. தண்ணீர் பாட்டில்களைப் போட்டுக்கொண்டு ஏறினால், இறங்கும்போது கொட்டிவிட்டு முட்டியைக் காப்பாற்றலாம். ஏறுவதற்கு மட்டும் பழகிவிட்டு இறங்குவதை மறந்துவிடுகிறார்கள். தொடையின் முன்பக்கச் சதை அலறுவது இறக்கத்தில்தான். மாடிப்படியில் மெதுவாக இறங்கிப் பழகுவதும் ஒரு பயிற்சிதான்.

ஜிம்முக்குப் போகிறேன், போதாதா என்று கேட்பார்கள். போதாது. பெஞ்ச் பிரஸ்ஸுக்கு அங்கே வேலையே இல்லை.

சபரிமலைக்கு வெறுங்காலோடு போனவன் நான். இதற்கு எதற்கு ஆயிரக்கணக்கில் ஷூ?

பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஈரமான கால் பனியில் மரத்துப்போகும், மரத்த காலில் வலி தெரியாது, வலி தெரியாத காலில்தான் குளிரில் சதை உறைந்து கெட்டுப்போகும் உறைகாயம் வரும். கணுக்கால் வரை மூடிய, தண்ணீர் புகாத ட்ரெக்கிங் ஷூ வேண்டும். வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிதாக வாங்குங்கள். தடித்த கம்பளிச் சாக்ஸ் போட்ட பிறகும் கால் விரல்களை உள்ளே அசைக்க முடிய வேண்டும். இறுக்கமாக இருந்தால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிட்டுவிடும். புது ஷூவோடு நேராக மலைக்குப் போகாதீர்கள். இங்கேயே ஒரு மாதம் போட்டு நடந்து பழக்குங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் இறக்கத்தில் நகம் ஷூவின் முனையில் இடித்து இடித்துக் கறுத்துவிடும்.

உடைக்கு என்னென்ன வாங்க வேண்டும்?

ஒரே ஒரு பெரிய ஜாக்கெட் வாங்கிப் போட்டுக்கொண்டால் போதும் என்று நினைப்பதுதான் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்வது. நடக்கும்போது வேர்க்கும், நின்றால் அந்த வேர்வையே ஐஸாகக் குளிரும். அதனால் கழற்றி மாட்ட வசதியாக அடுக்கடுக்காகப் போட வேண்டும். உடம்போடு ஒட்டி தெர்மல் உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கை நூல் சட்டை, நிற்கும்போதும் முகாமிலும் போட இறகு அடைத்த ஒரு டவுன் ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் தண்ணீரும் புகாத ஒரு மெல்லிய ஜாக்கெட். நடக்க ஆரம்பிக்கும்போது லேசாகக் குளிர வேண்டும். கதகதப்பாக இருந்தால் ஒரு அடுக்கு அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பருத்தி வேண்டவே வேண்டாம். பனியன், ஜட்டி, ஜீன்ஸ் எதுவாக இருந்தாலும் பருத்தி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு காயவே காயாது. ஓசூர்க் குளிருக்குப் போடும் ஸ்வெட்டர் முகாமுக்கு ஆகும், நடைக்கு ஆகாது. குரங்குக் குல்லாவை மட்டும் யாரும் கிண்டல் செய்தால் கண்டுகொள்ளாதீர்கள். அதைவிடச் சிறந்த தலைக்கவசம் அங்கே இல்லை.

கைக்கு இரண்டு ஜோடி கிளவுஸ்: உள்ளே மெல்லியது, வெளியே தண்ணீர் புகாதது. ஷூவுக்குள் பனி புகாமல் இருக்க முழங்கால் வரை கட்டும் கெய்ட்டர், ஷூவுக்கு அடியில் மாட்டும் மைக்ரோ ஸ்பைக்ஸ் இரண்டையும் பெரும்பாலும் கூட்டிப்போகிறவர்களே கொடுப்பார்கள். கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். டவுன் ஜாக்கெட், ஷூ, ஊன்றுகோல் எல்லாம் பெங்களூரில் வாடகைக்குக் கிடைக்கின்றன. முதல் தடவை போகிறவர்கள் வாடகைக்கே எடுங்கள். தெர்மல், சாக்ஸ், உள் கிளவுஸ் மட்டும் சொந்தமாக வாங்குங்கள்.

கறுப்புக் கண்ணாடி ஸ்டைலுக்கு இல்லை. புதுப் பனி புற ஊதாக் கதிரில் எண்பது சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நடந்தால் அன்று ராத்திரி கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல எரிந்து, கண்ணே திறக்க முடியாமல் போகும். பக்கவாட்டிலும் மறைக்கும் கண்ணாடியாகப் பாருங்கள். மூக்கின் அடிப்பக்கத்துக்கும் சன்ஸ்கிரீன் பூசுங்கள். வெயில் கீழேயிருந்தும் வரும்.

டென்ட்டில் தூங்க முடியுமா? ராத்திரி எவ்வளவு குளிரும்?

ஜனவரியில் மைனஸ் 5, மைனஸ் 10 என்பது சாதாரணம். சில ராத்திரி அதற்கும் கீழே போகும். நல்ல ஸ்லீப்பிங் பேக் இருந்தால் தூங்கலாம், ஆனால் சில நுணுக்கங்கள் உண்டு. படுக்கும் முன் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, இறுக்கி மூடி, ஒரு சாக்ஸுக்குள் போட்டுக் கால்மாட்டில் வையுங்கள். விடிந்ததும் அதே தண்ணீரைக் குடிக்கலாம். வெளியே வைக்கிற பாட்டிலைத் தலைகீழாக நிறுத்துங்கள். தண்ணீர் மேலிருந்துதான் உறையும், அப்போது வாய்ப்பக்கம் அடைக்காது. செல்போன், பவர் பேங்க், கேமரா பேட்டரி, மறுநாள் போடும் சாக்ஸ் எல்லாம் உங்களோடு பைக்குள் தூங்க வேண்டும். குளிரில் பேட்டரி சார்ஜ் நாற்பது சதவீதத்திலிருந்து சட்டென்று அணைந்துவிடும். முகத்தைப் பைக்குள் புதைத்துக்கொள்ளாதீர்கள். மூச்சின் ஈரம் உள்ளே படிந்து பை நனைந்துவிடும்.

நடுராத்திரி ஒண்ணுக்கு வந்தால் அடக்கிக்கொண்டு படுக்காதீர்கள், போய்விட்டு வாருங்கள். வந்த பிறகுதான் நல்ல தூக்கம் வரும்.

குளிருக்கு ஒரு கட்டிங் போட்டால் சூடாக இருக்குமே?

இருக்காது. சரக்கு உள்ளே போனதும் தோலுக்குக் கீழே இருக்கும் இரத்தக் குழாய்கள் விரியும். உடம்புக்குள் இருக்கும் சூடு தோல் வழியாக வெளியே போகும். சூடாக இருப்பதுபோலத் தோன்றுவது, சூட்டை இழப்பதன் அடையாளம். தூக்கத்தில் மூச்சின் வேகத்தையும் அது குறைக்கும். மலை நோய் வர அதுவே போதும். தூக்க மாத்திரைக்கும் இதே பதில்தான். சிகரெட்டும் வேண்டாம்.

மூச்சுத் திணறல், மலை நோய் என்கிறார்களே, அது என்ன?

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எந்த உயரத்திலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். 3,700 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் அந்த அளவுக்குத்தான் ஆக்சிஜன் கிடைக்கும். உடம்பு பழகிக்கொள்ளும், ஆனால் அதற்கு நாள் வேண்டும்.

தலைவலி, வாந்தி வருவதுபோல, சாப்பாடு பிடிக்காமல், தூக்கம் இல்லாமல் இருந்தால் அது மலை நோயின் ஆரம்பம். அங்கேயே நின்று ஓய்வெடுங்கள். சரியாகும்வரை ஒரு அடிகூட மேலே போகக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல் என்றால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். குடித்தவர் மாதிரித் தள்ளாடுவது, பேச்சு குழறுவது என்றால் மூளை வீங்கியிருக்கலாம். சந்தேகம் வந்தால் தரையில் ஒரு கோடு கிழித்து, குதிகாலை விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லை என்றால் ராத்திரி இரண்டு மணியாக இருந்தாலும் உடனே கீழே இறக்க வேண்டும். இறக்குவதுதான் மருந்து, மற்றதெல்லாம் இறங்கும் நேரத்துக்குத் துணை.

இந்த விஷயத்தில் யாரும் பொய் சொல்லாமல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். குழுவைத் தாமதப்படுத்துகிறோமோ என்று கூச்சப்பட்டுத் தலைவலியை மறைப்பவர்கள் நம்மில் அதிகம். கைடிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

டயமாக்ஸ் என்கிற அசிட்டசோலமைட் மாத்திரையை முன்னெச்சரிக்கையாக எடுப்பது உண்டு. பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம் காலையும் இரவும், ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாமல் போகலாம், அதனால் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். விரல் நுனி குறுகுறுக்கும், ஒண்ணுக்கு அடிக்கடி வரும். பயப்பட ஒன்றும் இல்லை. 3,000 மீட்டருக்கு மேல் போனால், ஒரு ராத்திரிக்கும் அடுத்த ராத்திரிக்கும் தூங்கும் இடத்தின் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்வது எந்த மாத்திரையையும்விட முக்கியம்.

சர்க்கரை, பிரஷர் இருக்கிறது. போகலாமா?

கட்டுப்பாட்டில் இருந்தால், மருத்துவர் சரி என்றால் போகலாம். இன்சுலின் போடுகிறவர்கள் அதை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். ஒருமுறை உறைந்துவிட்டால் அது வீண். குளுக்கோமீட்டரும் குளிரில் தப்பாகக் காட்டும், சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். ஆஸ்துமா இன்ஹேலருக்கும் இதே ஏற்பாடுதான். இதய நோய் இருப்பவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் வேண்டாம்.

பனியில் நடப்பது எப்படி?

கைடு வைத்த காலடியிலேயே கால் வையுங்கள். மேலே போகும்போது ஷூவின் முனையால் பனியை ஒரு உதை உதைத்துச் சின்னப் படி செய்துகொண்டு, அதில் எடையை முழுசாக ஏற்றிய பிறகு அடுத்த காலை எடுக்க வேண்டும். இறங்கும்போது இதற்கு நேர் எதிர்: முழங்காலை லேசாக மடித்து, குதிகாலை அழுத்தி ஊன்ற வேண்டும். வழுக்குமோ என்று பயந்து பின்னால் சாய்ந்தால்தான் வழுக்கும். உடம்பை முன்பக்கம் வையுங்கள்.

காலையில் பனி இறுகிக் கிடக்கும், ஸ்பைக்ஸ் நன்றாகப் பிடிக்கும். பத்து, பதினோரு மணிக்கு மேல் இளகிவிடும். அப்போது ஒவ்வொரு அடிக்கும் கால் முழங்கால் வரை உள்ளே போகும். பிடுங்கி எடுத்து மறுபடி வைப்பதற்குள் உயிர் போய்விடும். அதனால்தான் கணவாய் நாளில் இருட்டிலேயே கிளப்புகிறார்கள். தூக்கக் கலக்கத்தில் அவர்களைத் திட்டாதீர்கள். "தீரே தீரே" என்று கைடு சொல்லிக்கொண்டே இருப்பார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். நம்மிடம் அவர் அதிகம் சொல்வது அதைத்தான்.

பனிச்சரிவு வராதா?

30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த, மரமில்லாத சரிவுகளில்தான் பெரும்பாலும் வரும். புதுப் பனி நிறைய கொட்டிய அடுத்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்து அதிகம். குவாரிப் பாதையில் ஆபத்து குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பாதுகாப்புத் துறையின் கீழ் சண்டிகரில் இயங்கும் டி.ஜி.ஆர்.இ. நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. எச்சரிக்கை இருக்கும் நாளில் கைடு போக வேண்டாம் என்றால், காசு கொடுத்திருக்கிறோமே என்று வாதாடாதீர்கள்.

அவ்வளவு தூரம் போய், கணவாயைத் தொடாமல் திரும்ப நேர்ந்தால்?

திரும்புங்கள். இந்த ஒன்றை மட்டும் ஊரிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும், அங்கே போய் முடிவு செய்ய முடியாது. குளிரில், களைப்பில், இன்னும் அரை மணி நேரம்தான் என்று கண்ணுக்கு முன்னால் கணவாய் தெரியும்போது யாருக்கும் புத்தி நேராக வேலை செய்யாது. கிளம்பும் முன்பே கைடிடம் கேளுங்கள்: எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும்? பகல் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான். பன்னிரண்டே கால் கிடையாது.

2024 ஜூனில் இதே உத்தராகண்டில், சகஸ்திர தால் பாதையில் கர்நாடகத்திலிருந்து போன குழு பனிப்புயலில் மாட்டி 9 பேர் இறந்தார்கள். மலையேற்றம் தெரிந்தவர்கள், அதுவும் கோடைக்காலம். நாம் போவதோ தையில்.

ராத்திரி எங்கே தங்குவது? எத்தனை நாள் ஆகும்?

இந்தப் பயணம் தொடங்கும் மலை ஊரான ஜோஷிமட்டிலிருந்து ஜீப்பில் தாக் கிராமம், அங்கிருந்து நடை. குல்லிங், குல்லாரா என்று இரண்டு முகாம். குல்லாராவிலிருந்து கணவாய்க்குப் போய்விட்டு அதே நாளில் திரும்புவார்கள். மறுநாள் இறக்கம். புக்யால் எனப்படும் உயர்ந்த புல்வெளிகளில் இரவு தங்க 2018-ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் தடை விதித்தது, அதனால் புல்வெளியில் டென்ட் போடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் அவர்களோடு போகாதீர்கள்.

ஜோஷிமட்டில் 2023 ஜனவரியில் நிலம் உள்வாங்கி வீடுகளில் விரிசல் விட்டது நினைவிருக்கும். எங்கே தங்க வைக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் நரசிம்மர் கோவிலுக்குப் போய்வாருங்கள். திருமங்கை ஆழ்வார் பாடிய திருப்பிரிதி இதுதான் என்று வைணவர்கள் கொள்கிறார்கள்.

இங்கிருந்து எப்படிப் போவது?

பெங்களூரிலிருந்து டேராடூனுக்கு விமானம், இல்லையென்றால் டெல்லி போய் ஹரித்வார், ரிஷிகேஷ். ரயில் என்றால் டெல்லிக்கு இரண்டு ராத்திரி ஆகும். முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கும், பொங்கல் நேரத்தில் அன்றே முடிந்துவிடும். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் ஏறத்தாழ 250 கிலோமீட்டர், மலைப்பாதையில் ஒரு பகல் முழுக்க. இருட்டினால் வண்டி ஓட்ட மாட்டார்கள், விடியற்காலையில் கிளம்ப வேண்டும். வளைவுகளில் வாந்தி வருகிறவர்கள் மாத்திரை போட்டு முன் சீட்டில் உட்காருங்கள். வழியில் தேவபிரயாகையில் அளகநந்தாவும் பாகீரதியும் கலக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள், கங்கை அங்கிருந்துதான் கங்கை.

திரும்பும் டிக்கெட்டை ஒரு நாள் இடைவெளி விட்டுப் போடுங்கள். மண்சரிவோ பனியோ ரோட்டை மறித்தால் அந்த ஒரு நாள்தான் காப்பாற்றும்.

சாப்பாடு?

ரொட்டி, பருப்பு, ராஜ்மா, அரிசிச் சோறு, காலையில் கஞ்சி அல்லது மேகி. சாம்பார் கிடைக்காது. உயரத்தில் பசி மந்தமாகும், அப்போது பழகிய ருசிதான் சோற்றை உள்ளே தள்ளும். சின்ன டப்பாவில் பருப்புப் பொடி, மாங்காய் ஊறுகாய், கொஞ்சம் நெய். நடக்கும்போது கொறிக்கக் கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பேரீச்சை. தாகம் எடுக்காவிட்டாலும் நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும்.

டாய்லெட் வசதி? பெண்கள் போகலாமா?

குழி வெட்டி, சுற்றிச் சின்ன டென்ட் போட்டிருப்பார்கள். தண்ணீர் உறைந்திருக்கும், காகிதம்தான். பெண்கள் தாராளமாகப் போகலாம், போகிறார்கள். மாதவிலக்கு நாளாக இருந்தாலும் தடை இல்லை. பயன்படுத்திய பேடுகளை மூடிய பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும், பனியில் புதைத்தால் சித்திரையில் அப்படியே வெளியே வரும்.

யாரோடு போவது? எவ்வளவு ஆகும்?

ஜோஷிமட்டிலிருந்து கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட ஆளுக்குப் பத்தாயிரமாவது ஆகும், பயணச் செலவு தனி. விலையைக் கேட்கும் முன் இவற்றைக் கேளுங்கள்: ஒரு கைடுக்கு எத்தனை பேர்? ஆக்சிஜன் சிலிண்டர், பல்ஸ் ஆக்சிமீட்டர், ஸ்ட்ரெச்சர் உண்டா? கைடு உள்ளூர்க்காரரா? வனத்துறை அனுமதியை யார் வாங்குவார்கள்? மருத்துவச் சான்று கேட்கிறார்களா? கேட்காதவர்களை நான் நம்ப மாட்டேன். உங்கள் மெடிக்ளெய்ம் மலையேற்றத்தை ஏற்கிறதா என்பதையும் பாலிசியில் படித்துப் பாருங்கள்.

குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். தலைவலிக்கிறதா, குளிர்கிறதா என்பதை அவர்களால் சரியாகச் சொல்ல முடியாது. அதற்குப் பதில் ஜோஷிமட்டுக்கு மேலே இருக்கும் ஔலிக்கு ரோடு உண்டு. ஜீப்பில் போய் ஒரு பகல் பனியில் விளையாடிவிட்டு இறங்கிவிடலாம். கம்பூட் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், குழந்தை அளவு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள்.